சொன்னது மறுப்பு, கேட்டது சம்மதம்: ஓர் உரையாடல் இணையின் நிகழ்வு ஆய்வு

முன்குறிப்பு

இது 2023 இலையுதிர் பருவத்தில், அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியிலுள்ள ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. ஓர் அமெரிக்க மாணவரும் சீனாவிலிருந்து படிக்க வந்த ஒரு மாணவியும் வாரம் ஒரு மணி நேரம் சந்தித்துப் பேசினார்கள். அந்தச் சந்திப்புத் திட்டத்தை அப்போது ஒருங்கிணைத்துக்கொண்டிருந்தவன் நான். இருவருக்கும் தமிழ் தெரியாது. எழுதியதை வரிவரியாக ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டி, எது இருக்கலாம், எது கூடாது என்று கேட்ட பிறகே இதை வெளியிடுகிறேன். படிப்பு, ஊர், சில சிறு விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. மாணவி இரண்டு பத்திகளை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன். சிக்கலுக்கு மூலமான அவருடைய குடும்பக் கதையும் இதில் இல்லை. அது எந்தச் சட்டத்தோடு தொடர்புடையது என்பதை மட்டும் சொல்லலாம் என்றார்.

பின்னணி

திட்டம் எளிமையானது. வெளிநாட்டிலிருந்து வரும் மாணவருக்கு ஆங்கிலம் பேசிப் பழக ஓர் உள்ளூர் மாணவர் துணை. ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் இருவரும் தனித்தனியாக ஐந்தாறு வரிகள் எழுதி எனக்கு அனுப்ப வேண்டும். உள்ளூர் மாணவருக்கு அது தன்னார்வச் சேவை நேரமாகக் கணக்கில் சேரும். ஒருவர் கொடுப்பவர், மற்றவர் வாங்குபவர் என்ற ஏற்பாடு அதிலேயே இருந்தது. அதில் இருந்த தவறு அப்போது எனக்குப் புலப்படவில்லை.

மாணவருக்கு வயது 21, சமூகவியல் மூன்றாம் ஆண்டு. சிறு நகரத்துக்காரர், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர். ஒரு செமஸ்டர் சீன மொழி படித்திருந்தார். மாணவிக்கு வயது 20, புள்ளியியல். வந்து ஓராண்டு ஆகியிருந்தது. எழுத்துத் தேர்வுகளில் அவருடைய ஆங்கிலம் பிரமாதம். வகுப்பில் மட்டும் வாய் திறப்பதில்லை.

அமெரிக்காவில் படிக்கும் சீன மாணவர்களின் எண்ணிக்கை 2019-20 கல்வியாண்டில் 3,72,532 என்ற உச்சத்தில் இருந்தது. 2023-24இல் அது 2,77,398 ஆகக் குறைந்தது. அந்த ஆண்டுதான் இந்திய மாணவர்கள் 3,31,602 பேராகி அவர்களை முந்தினார்கள். எங்கள் வளாகத்திலும் சீன மாணவர்கள் குறைந்துபோயிருந்தார்கள். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். சீனர்கள் பரவலாகப் பயன்படுத்தும் வீசாட் என்ற செய்திச் செயலியில், ஒரே குழுவில் அநேகமாக அனைவரும் இருந்தார்கள். 'புள்ளியியல் படிக்கிற, வாரா வாரம் ஓர் அமெரிக்கரோடு உட்கார்ந்து பேசுகிற பெண்' என்று சொன்னாலே போதும், பெயர் தேவையில்லை. பின்னால் நடந்ததற்கு இது முக்கியமானது.

முதல் நான்கு வாரங்கள்

ஆகஸ்ட் இறுதியில் இருவரையும் இணைத்தேன். பேச்சு தட்டுத் தடுமாறக் கூடாதென்று வாரத்துக்கு ஒரு தலைப்புத் தாள் தயாரித்துக் கொடுத்தேன்: உங்கள் நாட்டில் கல்வி, உங்கள் நாட்டில் குடும்பம், உங்கள் நாட்டில் உணவு.

இருவரின் குறிப்புகளும் வறண்டு கிடந்தன. மாணவி சீனாவின் சார்பில் பதில் சொன்னார், மாணவர் அமெரிக்காவின் சார்பில். ஜூன் மாதத்தில் நடக்கும் காவ்காவ் நுழைவுத் தேர்வு, பெரும்பாலான மாகாணங்களில் மொத்தம் 750 மதிப்பெண். அமெரிக்காவில் வேறு முறை. இப்படியே போயிற்று. இரண்டு தூதரகங்கள் கடிதம் எழுதிக்கொள்வதுபோல் இருந்தது.

மூன்றாம் வாரம் ஒருமுறை பக்கத்து மேசையில் உட்கார்ந்து கவனித்தேன். மாணவர் ஒரு கேள்வி கேட்பார். மாணவி யோசிப்பார். இரண்டு விநாடிக்குள் மாணவரே ஒரு பதிலை எடுத்துக் கொடுப்பார், மாணவி தலையசைப்பார். அன்று முழுக்க மாணவி தாமாகத் தொடங்கி முடித்த வாக்கியங்கள் மிகக் குறைவு. மாணவருக்கு உதவும் எண்ணம்தான். அமைதி நீண்டால் எதிரிலிருப்பவர் தவிக்கிறார் என்று நினைக்கும் பழக்கத்தில் வளர்ந்தவர் அவர். மாணவிக்கு அந்த அமைதி, வாக்கியத்தைக் கட்டும் நேரம். 'கேள்வி கேட்டபின் இரண்டு மூச்சு விட்டுப் பேசு' என்று மாணவரிடம் சொல்லி அனுப்பினேன். அது கொஞ்சம் பலித்தது.

சின்னச் சின்னக் குழப்பங்களும் குறிப்புகளில் இருந்தன. சீனப் பேச்சில் அவன், அவள் இரண்டுக்கும் 'தா' என்ற ஒரே ஒலிதான். ஆகவே மாணவி தன் அறைத்தோழியை ஒரே வாக்கியத்தில் ஆணாகவும் பெண்ணாகவும் சொல்லிவிடுவார். வட சீனப் பேச்சில் நம்முடைய நாம், நாங்கள் போல இரண்டு சொற்கள் உண்டு. கேட்பவரையும் சேர்த்தால் 'ட்ஸான்மன்', இல்லாவிட்டால் 'வோமன்'. ஆங்கிலத்தில் ஒன்றே ஒன்று. 'வீ' என்று மாணவி சொல்லும்போதெல்லாம் தானும் அதில் உண்டா என்று மாணவருக்குத் தெரியவில்லை. இதையெல்லாம் படித்தபோது, தமிழ் பேசுகிறவன் என்பதால் எனக்கு ஒரு சொந்தம் தோன்றியது. இந்தப் பெண்ணின் மொழி எப்படி இயங்குகிறது என்று எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் வாரம் முதல்

செப்டம்பர் 29 அன்று சீனர்களின் நிலாத் திருநாள். அந்த வாரம் மாணவி ஒரு டப்பாவில் நிலாப் பணியாரம் கொண்டுவந்தார். மாணவர் தலைப்புத் தாளை எடுத்துவர மறந்துவிட்டார். பணியாரத்தின் விலையில் தொடங்கிய பேச்சு பணத்தில் போய் நின்றது.

மாணவர் காலை ஐந்து மணிக்கு உணவுக்கூடத்தில் வேலைக்குப் போகிறவர். பெற்றோரைச் சார்ந்த இளங்கலை மாணவருக்கு அரசு நேரடியாகத் தரும் கடன் முதலாண்டு 5,500 டாலர், இரண்டாமாண்டு 6,500, பிறகு ஆண்டுக்கு 7,500. மொத்தம் 31,000க்கு மேல் கிடையாது. மீதியை வேறெங்காவது புரட்ட வேண்டும். அவர் எங்கெங்கே புரட்டினார் என்பதை மாணவியிடம் விவரமாகச் சொல்லியிருக்கிறார். வீட்டில் ஒரு மருத்துவக் கடன் இருப்பதையும் சொன்னார். அமெரிக்கர்களுக்குப் படிப்புச் செலவு ஒரு பொருட்டே இல்லை என்று மாணவி அதுவரை நம்பியிருந்தார். சீனாவிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் பணக்காரர்கள் என்று மாணவர் நம்பியிருந்தார். மாணவி, பெற்றோர் தன் படிப்புக்காக ஒரு குடியிருப்பை விற்றதைச் சொன்னார். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்தவருக்கு அரசின் கல்விக் கடன் கிடையாது. பருவம் நடக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம்.

அன்று ஒரு மணி நேரச் சந்திப்பு இரண்டரை மணி நேரம் ஆயிற்று. மாணவியின் குறிப்பு முதல்முறையாக ஒரு பக்கத்தைத் தாண்டியது. அடுத்த வாரம் முதல் தாள் வேண்டாமே என்று மாணவர் கேட்டார், ஒப்புக்கொண்டேன். அது சரியான முடிவுதான். ஆனால் சொந்த வாழ்க்கையைப் பேசத் தொடங்கிய இருவருக்கு அதைக் காக்கும் வழி எதையும் நான் சொல்லித் தரவில்லை.

அக்டோபர் இறுதியில், எட்டாம் சந்திப்பில், மாணவி தன் பாட்டியைப் பற்றியும் தான் பிறந்த சூழலைப் பற்றியும் சொன்னார். அது, குடும்பத்துக்கு ஒரே குழந்தை என்ற சீன அரசின் கொள்கைக் காலத்துக் கதை. 1980 முதல் 2015 முடிய நடப்பிலிருந்த அந்தக் கொள்கை எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்கவில்லை. பல மாகாணங்களில் கிராமத்துக் குடும்பங்களுக்கு முதல் குழந்தை பெண்ணானால் இரண்டாவதற்கு அனுமதி உண்டு. நகரத்தில், அரசு வேலையில் இருந்தவர்கள்மீது பிடி இறுக்கமாக இருந்தது. இரண்டாவது பிறந்தால் 'சமூகப் பராமரிப்புக் கட்டணம்' என்ற பெயரில் அபராதம். வேலையே போகவும் கூடும். குடும்பப் பதிவேட்டில், அதாவது ஹுகோவில், பெயரில்லாத பிள்ளைக்குப் பள்ளியில் சேருவதுகூடப் பாடு. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பதிவில்லாதவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 30 லட்சம் பேர். அவர்களில் கணிசமானோர் கொள்கையை மீறிப் பிறந்தவர்கள். அனைவரையும் பதிந்துகொள்ள வேண்டும் என்ற அரசு அறிவிப்பு 2016 ஜனவரியில்தான் வெளிவந்தது. மாணவியின் கதை இந்தப் பெரிய கதைக்குள் எங்கோ இருக்கிறது. எங்கே என்பது அவருக்கும் அன்று அதைக் கேட்டவருக்கும் தெரியும். பிறகு தெரிந்திருக்க வேண்டாதவர்களுக்கும் தெரிந்துபோனது.

ஒரு கேள்வி, ஒரு பதில்

மாணவர் அந்தப் பருவத்தில் மக்கள்தொகைக் கொள்கை குறித்த பாடம் ஒன்று எடுத்திருந்தார். ஆறு நிமிடம் பேச வேண்டிய பயிற்சி. ஒன்பதாம் சந்திப்பில், பேச்சினிடையே, அவர் மாணவியிடம் கேட்டார். அவர்கள் இருவரும் பின்னர் தனித்தனியே சொன்னதில் இந்த இடத்தில் மட்டும் ஒரு சொல்கூட வேறுபடவில்லை.

'நீ சொன்னதை என் வகுப்பில் பேச எடுத்துக்கொள்கிறேன். யூ டோண்ட் மைண்ட்?'

'நோ.'

அடுத்த நாள் மாணவர் வகுப்பில் பேசினார். பெயர் சொல்லவில்லை, 'என் உரையாடல் துணை' என்றார். பேச்சு பதிவாகி, பாடத்தின் இணையப் பக்கத்தில் ஏறியது. அந்த வகுப்பில் இன்னொரு சீன மாணவர் இருந்தார்.

விலகல்

பத்தாம் சந்திப்புக்கு மாணவி வரவில்லை. தேர்வு என்று ஒரு வரி எழுதியிருந்தார். அதற்கடுத்த வாரமும் வரவில்லை. நவம்பரில் எல்லோருக்கும் வேலைப் பளு கூடும் என்று விட்டுவிட்டேன். மாணவர் தன் குறிப்பில், 'என் பேச்சு நன்றாகப் போனது, அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்' என்று எழுதியிருந்தார். அந்த வரியையும் படித்துவிட்டுக் கடந்துபோனேன். எந்தப் பேச்சு, எதற்கு நன்றி என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் பதினொரு நாட்கள் வீணாகியிருக்காது.

நன்றி நாள் விடுமுறைக்கு முந்தைய திங்கட்கிழமை மாணவி என் அறைக்கு வந்தார். வேறு துணை கிடைக்குமா என்று கேட்டார். காரணத்தைச் சொல்ல வெகுநேரம் பிடித்தது. வீசாட்டில் யாரோ அவரிடம், 'வீட்டுக் கதையை ஏன் வெளியாளிடம் சொன்னாய்?' என்று கேட்டிருக்கிறார்கள். வீட்டு இழுக்கு வெளியே பரவக் கூடாது என்ற அர்த்தத்தில் சீனத்தில் ஒரு பழமொழி உண்டு. அதையே சொல்லி முடித்திருக்கிறார்கள்.

அப்போது நான் ஆங்கிலத்தில் கேட்டேன்: 'வேண்டாம் என்று நீ அவரிடம் சொல்லவில்லையா?'

'நோ.'

என் நோட்டில் 'சொல்லவில்லை' என்று எழுதினேன். எழுதியதை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டும் வழக்கம் எனக்கு உண்டு. படித்தபோது அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். 'நோ, நோ. சொன்னேன். நோ என்று சொன்னேனே.'

சீனத்தில் எதிர்மறைக் கேள்விக்குப் பதில் சொல்பவர் அந்தக் கேள்வியின் கூற்றை ஏற்கிறாரா மறுக்கிறாரா என்பதைத்தான் முதலில் சொல்வார். 'நீ போகவில்லையா?' என்றால், 'துவெய்', அதாவது 'சரிதான், போகவில்லை.' போனவர், 'இல்லை, போனேன்' என்பார். நம் தமிழிலும் 'ஆமா, போகல' என்பது அன்றாடப் பேச்சு. ஆங்கிலத்தில் அப்படியில்லை. கேள்வி எப்படி வளைந்தாலும், நடக்காததற்கு 'நோ'தான். 'யூ டோண்ட் மைண்ட்?' என்ற கேள்விக்கு மாணவி சொன்ன 'நோ', 'நீ சொல்வது தவறு, எனக்கு ஆட்சேபணை உண்டு' என்று பொருள்பட்டது. மாணவரின் காதில் அது 'ஆட்சேபணை இல்லை' என்று விழுந்தது. அதே குழியில், சில வாரங்களுக்குப் பின், நானும் விழுந்தேன். எனக்குத் தெரியும் என்று நினைத்த இடம் அதுதான்.

மாணவி அன்று இன்னொன்றும் சொன்னார். அவர் வளர்ந்த வீட்டில் நேருக்கு நேர் மறுப்பது எளிதல்ல. 'பு ஹாவ் இஸ' என்பார்கள். நம் ஊர்க் கூச்சமும் சங்கோசமும் கலந்த ஒன்று. மாணவரிடம் 'நோ' என்ற அந்த ஒற்றைச் சொல்லைச் சொல்லும்போது நெஞ்சு படபடத்தது என்றார். சொன்னதும் மாணவர் 'கிரேட், தேங்க்ஸ்' என்று சிரித்திருக்கிறார். மறுத்த பிறகும் எடுத்துக்கொள்கிறார் என்று நினைத்திருக்கிறார் மாணவி. இரண்டாம் முறை மறுக்க அவருக்கு வாய் வரவில்லை.

எடுத்த முடிவுகள்

முதல் வேலை, பதிவை நீக்குவது. வேறெதையும் அதற்கு முன் பேசத் தோன்றவில்லை. பாட ஆசிரியரிடம் எவ்வளவு சொல்லலாம் என்று மாணவியிடம் கேட்டேன்: 'ஆசிரியரிடம் சொல்லட்டுமா, வேண்டாமா?' 'பதிவை எடுக்கச் சொல்லுங்கள். காரணம் சொல்ல வேண்டாம்' என்றார். ஆசிரியர் காரணம் கேட்காமல் அன்று மாலையே எடுத்துவிட்டார்.

ஒழுங்கு நடவடிக்கைக்குக் கொண்டுபோவதில்லை என்பது இரண்டாவது. மாணவி அதை விரும்பவில்லை. விதிப்படியும் அதில் பிடிமானம் இருக்கவில்லை. மனிதரை வைத்துச் செய்யும் ஆய்வில் ஒப்புதல் பெறும் நெறிகள், 1979இல் வெளியான பெல்மாண்ட் அறிக்கையை அடித்தளமாகக் கொண்டு அமெரிக்காவில் வலுவாகவே இருக்கின்றன. ஆனால் பொதுமைப்படுத்தத்தக்க அறிவைத் தேடும் ஆய்வுக்கே அவை பொருந்தும். வகுப்புப் பயிற்சிகள் பெரும்பாலும் அதற்கு வெளியே நின்றுவிடும். மாணவர் எந்த விதியையும் மீறவில்லை. மீறாமலே ஒருவரைப் புண்படுத்த முடிந்தது.

மூன்றாவது, இருவரையும் உடனே எதிரெதிரே உட்கார வைப்பதில்லை. வைத்திருந்தால் மாணவி மரியாதைக்காக 'பரவாயில்லை' என்று சொல்லிவிடுவார், மாணவர் அதையும் நம்பிவிடுவார். எனவே நடந்ததை இருவரும் தனித்தனியாக எழுதி, ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கலாம் என்றேன். விஷயம் தெரிந்ததும் மாணவர் நிலைகுலைந்துபோனார். பூங்கொத்தோடு மாணவியின் விடுதிக்குப் போக நின்றார். தடுத்தேன். ஏற்கெனவே நாலு பேர் பேசுகிற நிலையில், வாசலில் பூவோடு நின்றால் மன்னிக்க வேண்டிய பாரமும் மாணவியின் தலையில் ஏறும்.

மாணவர் எழுதிக் கொடுத்தது ஒரு பக்கம். அதில் மொழிக் குழப்பத்தை விளக்கிவிட்டு, கடைசியில் ஒன்று சேர்த்திருந்தார். 'நோ' சொன்னபோது மாணவி தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்ததைத் தான் கவனித்ததாகவும், ஏதோ சரியில்லை என்று ஒரு கணம் பட்டதாகவும், பேச்சு மறுநாளே என்பதால் அதைக் கிளற விரும்பவில்லை என்றும் எழுதியிருந்தார். இதை எழுதச் சொல்லி யாரும் அவரைக் கேட்கவில்லை. பழி முழுவதையும் இலக்கணத்தின்மேல் போட்டுவிட எல்லா வாய்ப்பும் இருந்தும் அவர் போடவில்லை. 'உனக்கு ஆட்சேபணை இல்லையே' என்று கேட்பதிலேயே, வேண்டிய பதிலைக் கேட்பவர் கையில் எடுத்துக் கொடுத்துவிடுகிறார். மறுப்பவர் அந்தக் கையைத் தட்டிவிட்டுத்தான் மறுக்க வேண்டியிருக்கிறது. எந்த மொழியிலும் அது அப்படித்தான் என்பது என் எண்ணம்.

பின்பு

டிசம்பர் முதல் வாரம் இருவரும் சந்தித்தார்கள், மாணவியின் விருப்பத்தின் பேரில். முதல் பத்து நிமிடம் நான் இருந்தேன். மாணவி ஒரு தாளைப் பார்த்து மூன்று வாக்கியம் படித்தார். அதன்பின் நெடுநேரம் இருவரும் பேசவில்லை. மாணவர் அந்த அமைதியை நிரப்ப முயலவில்லை. மன்னிப்புக் கேட்டபோது விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை. மாணவி, மாணவரின் வீட்டுக் கடனைப் பற்றி தான் யாரிடமும் சொன்னதில்லை என்று மட்டும் சொன்னார். அது குற்றச்சாட்டா, வெறும் தகவலா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த பருவத்தில் மாணவிக்கு வேறு துணை கொடுத்தோம். ஆனால் இருவரும் திட்டத்துக்கு வெளியே அவ்வப்போது சந்திப்பதை நிறுத்தவில்லை. 2024 பிப்ரவரி 10, சீனப் புத்தாண்டான வசந்த விழா அன்று, விடுதிச் சமையலறையில் சேர்ந்து ஜியாவோட்ஸ் கொழுக்கட்டை பிடித்தார்கள். மாணவர் பிடித்தவை கொதிநீரில் வாய் பிளந்துவிட்டன என்று மாணவி சொன்னார். பாட்டியைப் பற்றி மட்டும் அவரிடம் மீண்டும் பேசவில்லை. அந்த வகுப்பில் கேட்டவர்கள் கேட்டதும் கேட்டதுதான். சீன மாணவர்களின் ஒரு கூட்டத்தில்கூட மாணவி அந்தக் குளிர்காலம் முழுக்கக் கலந்துகொள்ளவில்லை.

மாற்றியவை

நாடு நாடாகக் கேட்ட தலைப்புத் தாள்களைக் கைவிட்டோம். திட்டத்தின் பெயரும் மாறியது. 'ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி' என்பது போய், நேரத்தில் பாதி ஒரு மொழி, பாதி மற்றது என்றாயிற்று. வெளிநாட்டு மாணவருக்கும் சேவை நேரம் கணக்கிடப்படுகிறது.

முதல் கூட்டத்திலேயே இப்போது ஒரு விதி சொல்கிறோம். துணை சொன்ன எதையும் வகுப்பிலோ கட்டுரையிலோ எடுத்தாள விரும்பினால், 'எடுத்துக்கொள்ளலாமா, வேண்டாமா?' என்று கேட்க வேண்டும். பதில் முழு வாக்கியமாக வர வேண்டும். ஒரு வாரம் கழித்து எழுத்தில் இன்னொரு முறை கேட்க வேண்டும். அந்த ஒரு வாரம் மாணவி சொன்ன யோசனை. முகம் பார்த்து மறுக்க முடியாதவருக்கு அறைக்குத் திரும்பி மறுக்க ஒரு வழி வேண்டும் என்றார்.

ஒரு சந்திப்பு தவறினால் காத்திருக்கிறோம். இரண்டாவதும் தவறினால் அன்றே தனித்தனியாகக் கேட்கிறோம். கேட்டு எழுதியதைப் படித்துக் காட்டும் வழக்கத்தை உடன் பணிபுரியும் அனைவருக்கும் கட்டாயமாக்கினேன். என் நோட்டில் அந்த 'சொல்லவில்லை' அடிக்கப்படாமல் இன்னும் இருக்கிறது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் அந்தப் பக்கத்தைக் காட்டலாம் என்று மாணவி அனுமதி தந்திருக்கிறார். ஒரு வாரம் கழித்து, எழுத்தில்.